விவாகரத்துக்குப் பிறகு தெரியவந்த ஓய்வுக்காலப் பணம்: எனக்கு என்ன உரிமை?

கோவையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 51. பிறந்த ஊர் கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு கிராமம். 1998இல் திருமணமாகிக் கோவைக்கு வந்தார். கணவர் 1996இல் ஒரு பொறியியல் தொழிற்சாலையில் சேர்ந்து மேற்பார்வையாளராக உயர்ந்தவர். இவர் வீட்டையும், இரண்டு பிள்ளைகளையும், கடைசிவரை மாமனார் மாமியாரையும் கவனித்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுத்து வந்திருக்கிறார். பல ஆண்டுப் பிணக்குக்குப் பின் 2022இல் கோவை குடும்ப நல நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து ஆனது. ஒறம்பரைப் (உறவினர்) பெரியவர்கள் கூடிப் பேசியபடி, 8 லட்சம் ரூபாயை ஒரே தவணையில் பெற்றுக்கொண்டு, இனி எக்காலத்திலும் ஜீவனாம்சமோ வேறு உரிமையோ கோரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பி.எஃப். பணம் முழுவதும் ஊரில் வீடு கட்டச் செலவாகிவிட்டது, வேறு சேமிப்பு எதுவும் இல்லை என்று கணவர் சொன்னதை நம்பித்தான் அந்தத் தொகைக்கு ஒத்துக்கொண்டதாகச் சொல்கிறார்.

கணவர் சொந்த ஊரில் கட்டிய வீட்டுக்குப் போய்விட, வாசகி மகளுடன் பழைய வாடகை வீட்டிலேயே இருக்கிறார். கணவர் 2024 மே மாதம் 58 வயதில் பணி ஓய்வு பெற்றார். சில வாரங்களுக்கு முன் ஒரு காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து அவர் பெயருக்கு ஓர் உறை இந்தப் பழைய முகவரிக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால், தொழிற்சாலை அவருக்காகப் பல ஆண்டுகளாகக் கட்டிவந்த சூப்பரானுவேஷன் (ஓய்வுக்கால) நிதியின் ஆண்டுவாரிக் கணக்கு. 2022 மார்ச் இறுதியில் அதில் 17 லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்திருக்கிறது. நியமனதாரர் என்ற இடத்தில் இன்னும் வாசகியின் பெயரே இருக்கிறது. ஓய்வு பெற்ற சில மாதங்களில் அவர் ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வாங்கியதாகவும் உறவினர்கள் சொல்கிறார்கள்.

அவர் கேட்பவை இவை. 24 ஆண்டுகள் மனைவியாக வாழ்ந்ததால் அந்தப் பணத்தில் பாதி எனக்குத்தானே? கணவரின் பி.எஃப். கணக்கோடு மகளின் கைபேசி எண்தான் இணைந்திருக்கிறது. அதற்கு வரும் ஓ.டி.பி.யை வைத்துக் கணக்கைத் திறந்து பார்த்துவிடலாமா? காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கலாமா? வழக்குப் போட்டால் விவாகரத்தே ரத்தாகிவிடுமோ? "பெரியவங்க முன்னால பேசி முடிச்சதை மறுபடியும் கெளறாதீங்க அம்மிணி" என்று பெரியப்பா சொல்கிறார், அது சரியா?

அன்புச் சகோதரிக்கு, வணக்கம்.

"படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை முதலில் விட்டுவிடுங்கள். குடும்ப வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில் சொல்கிறேன்: சம்மத விவாகரத்து மனுக்களில் பெரும்பாலான பெண்கள் உங்களைப் போலத்தான் கையெழுத்திடுகிறார்கள். பேசி முடித்தவர்கள் ஆண்கள், எழுதியவர் ஒரு வக்கீல் குமாஸ்தா, நீதிமன்றத்தில் நின்ற நேரம் சில நிமிடங்கள். ஒருவரை நம்பியது குற்றமாகாது. அந்த நம்பிக்கையை வைத்து உண்மையை மறைத்தாரா என்பதுதான் இனி நாம் பார்க்க வேண்டியது.

உங்கள் கேள்விக்கு நேர் விடை இது: அந்தப் பணத்தில் பாதி உங்களுடையது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் உங்கள் முன்னாள் கணவருடைய உண்மையான நிலைமை மறைக்கப்பட்டு நிர்ணயிக்கப்பட்ட ஜீவனாம்சத்தை மறுபடியும் நீதிமன்றத்தின் முன் வைக்க உங்களுக்கு வழி இருக்கிறது. இந்த இரண்டும் வேறு வேறு. முதலாவதைக் கேட்டுப் போனால் தோற்பீர்கள். இரண்டாவதைக் கேட்டுப் போனால் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது.

பங்கு வேறு, ஜீவனாம்சம் வேறு

திருமண காலத்தில் சேர்ந்த சொத்தைக் கணவனுக்கும் மனைவிக்கும் சமமாகப் பிரிக்கும் சட்டம் சில வெளிநாடுகளில் உண்டு. அங்கெல்லாம் ஓய்வூதிய நிதியும் பிரிவினைக்கு உட்படும். அந்த நாடுகளின் செய்திகளைக் கைபேசியில் பார்த்துவிட்டு, இங்கும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் யார் பெயரில் சம்பாதிக்கப்பட்டதோ அது அவருடைய சொத்து. இந்து திருமணச் சட்டம் 1955இன் 27ஆவது பிரிவு, திருமணத்தின்போது இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. உங்கள் பிறந்த வீட்டார் போட்ட நகையும் சீரும் சீதனம் என்ற முறையில் முழுக்க உங்களுடையவை. கணவரின் பி.எஃப்., பணிக்கொடை (கிராஜுவிட்டி), சூப்பரானுவேஷன் மூன்றும் இவற்றில் அடங்கா.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து சேர்வதற்கான பங்களிப்புதான் என்று கூறி, கணவர் வருமானத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன். உங்கள் மனுவிலும் அதை எடுத்துக்காட்டலாம். ஆயினும் அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு ஈடாகாது. ஓய்வுக்கால நிதிக்கு நேராகப் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. மறுபுறம், 2024 டிசம்பரில் ரிங்கு பஹேதி வழக்கில், ஜீவனாம்சம் என்பது முன்னாள் கணவரின் செல்வத்துக்கு மனைவியைச் சமமாக்குவதற்கானது அல்ல, அவர் கண்ணியமாக வாழ்வதற்கானது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே "பாதி கொடு" என்று நோட்டீஸ் அனுப்புவதைத் தவிர்த்துவிடுங்கள்.

நியமனதாரராக உங்கள் பெயர் இருப்பதை ஒரு பிடிமானமாக நினைக்கிறீர்கள். நியமனம் என்பது உறுப்பினர் இறந்தால் பணத்தை யாரிடம் கொடுப்பது என்பதற்கான ஏற்பாடு மட்டுமே. அவர் உயிரோடு இருக்கும்போது அதனால் உங்களுக்கு ஒரு ரூபாய் உரிமையும் வராது. நாளையே அவர் வேறு பெயரை மாற்றிக்கொள்ளலாம். விவாகரத்துக்குப் பின் நீங்கள் பி.எஃப். திட்டத்தின் குடும்பம் என்ற வரையறைக்குள் வருவதில்லை. 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின் கைம்பெண் ஓய்வூதியமும் உங்களுக்குக் கிடைக்காது.

எழுதிக் கொடுத்துவிட்டதால் கதவு மூடிவிட்டதா?

உங்கள் பெரியப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984இன் 19ஆவது பிரிவின்படி, சம்மதத்தின் பேரில் வழங்கிய தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. முடிந்ததை முடிந்ததாக வைத்திருக்க வேண்டும் என்பதில் நீதிமன்றங்களும் அக்கறை காட்டுகின்றன. ஆனால் அந்தச் சம்மதம் எப்படிப் பெறப்பட்டது என்ற கேள்விக்கு இந்தத் தடை பொருந்தாது. எஸ்.பி. செங்கல்வராய நாயுடு வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்து போனது. 1993இல் அதில் உச்ச நீதிமன்றம், எதிர்த்தரப்புக்குத் தெரிய வேண்டிய முக்கிய ஆவணத்தை மறைத்துப் பெற்ற தீர்ப்பு மோசடியால் பெற்ற தீர்ப்பே, அது செல்லாது என்று கூறியது. இன்றும் எல்லா நீதிமன்றங்களும் எடுத்தாளும் தீர்ப்பு அது. எனவே, தனி வழக்காக இல்லாமல், தீர்ப்பு வழங்கிய அதே குடும்ப நல நீதிமன்றத்தில், சம்மதம் உண்மையை மறைத்துப் பெறப்பட்டது என்று மனுச் செய்வது ஒரு வழி.

என் கருத்தில் உங்களுக்கு ஏற்ற முதன்மை வழி வேறு. இந்து திருமணச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, தீர்ப்பு வழங்கும்போதோ அதற்குப் பிறகு எந்தக் காலத்திலுமோ நிரந்தர ஜீவனாம்சம் வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நிலைமை மாறினால் முன்பு வழங்கிய உத்தரவைத் திருத்தவும் அதே பிரிவு இடம் தருகிறது. இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தது இதைத் தடுக்குமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. பிழைப்புக்கான உரிமையை ஒப்பந்தத்தால் நிரந்தரமாக விட்டுக்கொடுப்பது பொதுக் கொள்கைக்கு மாறானது என்று சொன்ன தீர்ப்புகள் உண்டு. தெரிந்தே ஒத்துக்கொண்டவர் திரும்பிப் போக முடியாது என்று சொன்னவையும் உண்டு. உங்களுடைய வாதம் இந்த இரண்டுக்கும் நடுவில் நன்றாக நிற்கும்: நான் தெரிந்து விட்டுக்கொடுக்கவில்லை, தெரிய வேண்டியது என்னிடம் மறைக்கப்பட்டது.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவிலும், அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவுக்குப் பதிலாக வந்ததிலும், மறுமணம் செய்யாத, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இயலாத விவாகரத்தான மனைவி மாத ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் விவாகரத்துக்குப் பின் தானாக முன்வந்து உரிமையை விட்டுக்கொடுத்தவருக்கு வழங்கிய உத்தரவை ரத்து செய்ய 146ஆவது பிரிவில் இடம் இருப்பதால், உங்கள் முன்னாள் கணவரின் வழக்கறிஞர் அதைத்தான் முதலில் பிடிப்பார். ஆகவே இதை இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளலாம்.

விவாகரத்து ரத்தாகிவிடுமோ என்ற உங்கள் அச்சம் புரிகிறது. மனுவில் என்ன கேட்கிறோமோ அதற்குத்தான் உத்தரவு வரும். திருமணம் முறிந்தது முறிந்ததாகவே இருக்கட்டும், பணம் பற்றிய ஷரத்துகளை மட்டும் மறுபரிசீலனை செய்யுங்கள் என்று முதல் பத்தியிலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முழுவதும் ஒன்றோடொன்று பின்னியது, ஒரு பகுதியை மட்டும் தொட முடியாது என்று எதிர்வாதம் வரக்கூடும். 25ஆவது பிரிவின் கீழ் போனால் அந்தச் சிக்கல் குறைவு என்பதும் நான் அதைப் பரிந்துரைக்க ஒரு காரணம்.

2022இல் உண்மையில் எது மறைக்கப்பட்டது?

உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான், பொறுமையாகப் படியுங்கள். எல்லாப் பணத்தையும் "மறைத்த பணம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டால், அதில் ஒன்று பொய்யென்று அவர் காட்டினாலும் மற்றவையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

சூப்பரானுவேஷன் நிதி 2022இல் அவர் கணக்கில் இருந்தது. ஆண்டுதோறும் அவருக்கு அறிக்கை போயிருக்க வேண்டும். வேறு சேமிப்பு இல்லை என்றார். ஆவணச் சான்று இருப்பதும் இதற்கே. இதுதான் உங்கள் வலுவான இடம். ஆனால் இதன் தன்மையையும் அறிந்துகொள்ளுங்கள். இத்தகைய நிதியில் ஓய்வின்போது மூன்றில் ஒரு பகுதியை மொத்தமாக எடுத்துக்கொண்டு, மீதிக்கு மாதந்தோறும் வரும் ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்குவதே வழக்கம். எனவே 17 லட்சமும் அவர் கையில் ரொக்கமாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஆனால் அவருக்கு ஆயுள் முழுவதும் ஒரு மாத வருமானம் வருகிறது என்பது ஜீவனாம்ச மனுவுக்கு ரொக்கத்தைவிடவும் பொருத்தமான உண்மை.

பி.எஃப். விஷயத்தில் அவர் சொன்னது முழுப் பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். பணியில் இருக்கும்போதே வீடு கட்ட முன்பணம் எடுக்க விதிகளில் இடம் உண்டு. ஊரில் வீடும் கட்டியிருக்கிறார். ஆனால் முன்பணம் எடுத்த பிறகும் மாதந்தோறும் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தமாகி, நிறுவனத்தின் பங்கும் சேர்ந்து, கணக்கு வளர்ந்துகொண்டே இருக்கும். எந்த ஆண்டில் எவ்வளவு எடுத்தார், தீர்ப்பு நாளில் எவ்வளவு மீதி என்ற இரண்டு எண்களும் தெரியாமல் இதைப் பற்றி எதையும் உறுதியாக மனுவில் எழுதக் கூடாது.

பணிக்கொடை வேறு வகை. அவர் ஓய்வு பெற்றபோது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்குவார்கள். உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய். உதாரணத்துக்கு அந்தத் தொகை மாதம் 45,000 ரூபாய் என்றால், 28 ஆண்டுகளுக்குச் சுமார் 7 லட்சத்து 27 ஆயிரம் ரூபாய் வந்திருக்கும். ஆனால் இது 2024இல் ஓய்வு பெற்றபோதுதான் அவருக்குச் சேர வேண்டியதாயிற்று. 2022இல் இல்லாத பணத்தை மறைத்தார் என்று சொல்ல முடியாது. "அதன் பிறகு நிலைமை மாறியிருக்கிறது" என்ற தலைப்பில்தான் இதைக் கேட்க வேண்டும். 2022க்கும் 2024க்கும் இடையில் பி.எஃப்.இல் சேர்ந்ததும் அப்படியே.

இன்னொரு முக்கியமான கேள்வி: வேறு சேமிப்பு இல்லை என்று அவர் எங்கே சொன்னார்? நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவிலா, பிரமாணப் பத்திரத்திலா, சமரச மையத்தில் எழுதிய உடன்பாட்டிலா, அல்லது பெரியப்பா வீட்டுத் திண்ணையில் வாய்மொழியாகவா? ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் அனைத்தையும் குறித்த படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனால் சம்மத விவாகரத்தில், ஜீவனாம்சத்தில் தகராறு இல்லை என்று சொல்லி, அந்தப் பத்திரம் இல்லாமலேயே பல மனுக்கள் முடிந்துவிடுகின்றன. உங்களுடையது எப்படி என்பது வழக்குக் கட்டைப் பார்த்தால்தான் தெரியும். எழுத்தில் இருந்தால் வழக்கு எளிது. வாய்மொழிதான் என்றால், அன்று உடன் இருந்த பெரியவர்களில் ஒருவராவது சாட்சி சொல்ல முன்வர வேண்டும். அதனால்தான் பெரியப்பாவைப் பகைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன். கிளறாதே என்று இன்று சொல்லும் அவரே, நாளை உங்களுக்கு மிக வேண்டிய சாட்சியாக இருக்கலாம். அவர் தீர்த்து வைத்த ஏற்பாடே பொய்யான கணக்கின் மேல் நின்றது என்பதை அவரிடம் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் சபையில் சொன்ன சொல்லுக்குக் கொடுக்கும் மதிப்பு, இங்கே உங்களுக்குச் சாதகமாகத் திரும்பக்கூடும்.

சான்று சேர்ப்பதில் கவனம்

மகளின் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு அவருடைய கணக்கைத் திறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. மற்றவருடைய கடவுச்சொல்லையோ மின்னணு அடையாளத்தையோ நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66சி பிரிவின் கீழ் குற்றம்; மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. படித்துக்கொண்டிருக்கும் மகளின் எண்ணிலிருந்து அது நடந்தால், வழக்கு அவள் மீதும் திரும்பும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அவருக்கு இப்படி ஓர் ஆயுதத்தை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டாம். அந்த எண் தவறுதலாக இணைந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று மகள் தந்தைக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுவது நல்லது.

வந்த உறையைப் பொறுத்தவரை, கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும், அஞ்சல் முத்திரை தெரியும்படி உறையையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தை உங்கள் வழக்கறிஞரிடம் ஒப்படையுங்கள். இனி அவர் பெயருக்கு வருவதைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்த முத்திரையின் தேதி முக்கியம். காலவரையறைச் சட்டம் 1963இன் 17ஆவது பிரிவின்படி, மோசடி நடந்த நாளிலிருந்து அல்லாமல், அது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்தே காலக்கெடு ஓடத் தொடங்கும். பொதுவாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும். அதற்காக மூன்று ஆண்டுகள் காத்திருக்கலாம் என்று பொருளில்லை. தெரிந்த பிறகும் சும்மா இருந்தவர் என்ற பேச்சுக்கு இடம் வைக்காதீர்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பி.எஃப். அலுவலகத்துக்கு எழுதலாமே என்று உங்கள் மகன் சொல்கிறார். மூன்றாம் நபரின் சொந்தத் தகவல் என்று மறுத்துவிடுவார்கள். நீதிமன்றத்தின் வழியாகக் கேட்டால் மறுக்க முடியாது. மனுத் தாக்கலான பின், பி.எஃப். மண்டல அலுவலகம், அவர் பணியாற்றிய நிறுவனம், அந்தக் காப்பீட்டு நிறுவனம், வங்கி ஆகியவற்றிடமிருந்து ஆவணங்களை வரவழைக்கச் சம்மன் அனுப்பும்படி கேட்கலாம். அவரே பிரமாணத்தின் பேரில் பதில் சொல்ல வேண்டிய எழுத்து வினாக்களையும் தாக்கல் செய்யலாம். குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, வழக்கைத் தீர்க்க உதவும் எந்த ஆவணத்தையும் சாட்சியச் சட்டத்தின் கெடுபிடிகளைப் பாராமல் ஏற்க நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே இப்போது உங்களிடம் இருக்கும் அந்த ஒரு கடிதம் தொடங்குவதற்குப் போதும்.

தென்னந்தோப்பைக் கவனியுங்கள்

உங்கள் கடிதத்தில் நான்கே வரியில் கடந்துபோன இந்தச் செய்திதான் நடைமுறையில் மிகவும் பயனுள்ளது என்று எனக்குத் தோன்றுகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

பி.எஃப்., பணிக்கொடை, ஓய்வூதியம் ஆகியவற்றைக் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாதபடி அந்தந்தச் சட்டங்களும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவும் பாதுகாக்கின்றன. ஓய்வுக்காலப் பணம் வங்கியில் வைப்புத்தொகையாக மாறிய பிறகும் அந்தப் பாதுகாப்பு தொடரும் என்று ராதே ஷியாம் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அது வங்கிக் கடன் பற்றிய வழக்கு. மனைவி சாதாரணக் கடன்காரர் அல்லர், ஜீவனாம்சத்துக்கு இந்தத் தடை பொருந்தாது என்று சில உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் அந்த வாதத்தை நடத்தி முடிக்கக் காலம் ஆகும். நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 25ஆவது பிரிவே, வழங்கும் ஜீவனாம்சத்துக்கு எதிர்மனுதாரரின் அசையாச் சொத்தைப் பொறுப்பாக்கலாம் என்று சொல்கிறது. தோப்பு அவர் பெயரில் இருந்தால், அதை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று மனுவோடேயே இடைக்காலத் தடையும் கேட்கலாம்.

இதற்கான தகவலைப் பெறுவதில் எந்தத் தவறும் இல்லை. பதிவான கிரயங்கள் பொது ஆவணங்கள். தோப்பின் கிராமமும் சர்வே எண்ணும் தெரிந்தால், பதிவுத்துறையின் இணையதளத்திலேயே வில்லங்கச் சான்றைப் பார்க்கலாம். பிறகு உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் கேட்டு வாங்கலாம். பதிவுச் சட்டம் 1908இன் 57ஆவது பிரிவு இதை யாருக்கும் அனுமதிக்கிறது. விலைப்பணம் எந்த வங்கியின் எந்தக் காசோலை மூலம் கொடுக்கப்பட்டது என்பது பத்திரத்தில் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். எந்த வங்கிக் கணக்கை நீதிமன்றத்தில் வரவழைக்கச் சொல்வது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். தோப்பு அவருடைய தம்பி பெயரிலோ வேறொருவர் பெயரிலோ வாங்கப்பட்டிருந்தால் நிலைமை கடினம்; அதையும் வில்லங்கச் சான்றே சொல்லிவிடும்.

மகளின் உரிமை தனி

பொறியியல் கடைசி ஆண்டு படிக்கும் மகளின் கட்டணத்தை, வாங்கிய 8 லட்சத்திலிருந்தே கட்டி வருவதாகவும், "பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை" என்று ஒப்பந்தத்தில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்திருக்கலாம். அப்போது 18 வயது நிறையாத மகளின் உரிமையை விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956இன் 20ஆவது பிரிவின்படி, சொந்த வருமானம் இல்லாத மணமாகாத மகளைக் காப்பாற்றும் கடமை, அவள் 18 வயதைக் கடந்த பிறகும் தந்தைக்கு உண்டு; அதை 2020இல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மணமாகாத மகளின் ஜீவனாம்சம் என்பதில் நியாயமான திருமணச் செலவும் அடங்கும் என்று அந்தச் சட்டமே வரையறுக்கிறது. மகள் இப்போது வயதுக்கு வந்தவள் என்பதால் மனு அவள் பெயரில் வர வேண்டும். தந்தையை எதிர்த்து நிற்க அவள் மனம் ஒப்புகிறதா என்று முதலில் அவளிடம் கேளுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். இந்த மனுவில் மோசடியை நிரூபிக்க வேண்டிய சுமையே இல்லை. தந்தைக்கு வசதி இருக்கிறது என்று காட்டினால் போதும். உங்கள் மனுவைவிட இது விரைவாக முடிய வாய்ப்பு அதிகம்.

காவல் நிலையமும் சமரசமும்

காவல் நிலையத்துக்குப் போவதில் பயன் இல்லை. நீதிமன்றத்தில் பொய்ப் பிரமாணம் செய்திருந்தால், அதன் மீது புகார் செய்ய வேண்டியது அந்த நீதிமன்றமே. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 379ஆவது பிரிவின் கீழ் அங்கேயே மனுக் கொடுக்க வேண்டும். அதையும் ஆவணங்கள் எல்லாம் கைக்கு வந்த பின் யோசிப்போம். அவரைச் சிறைக்கு அனுப்புவதால் உங்கள் வாடகையும் மகளின் கட்டணமும் அடைபடப் போவதில்லை.

ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். வழக்கு ஓரிரு மாதத்தில் முடியாது. வாங்கிய 8 லட்சத்தை எப்படியும் கழித்துக்கொள்வார்கள். தையலில் வரும் வருமானத்தைப் பெரிதாக்கிக் காட்டுவார்கள். அதை நீங்கள் மறைக்காமல் உள்ளதை உள்ளபடி உங்கள் பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள், ஏனெனில் மறைத்தார் என்று ஒருவரைக் குற்றம் சாட்டுபவரின் கணக்கு முதலில் சுத்தமாக இருக்க வேண்டும். உங்கள் நடத்தையைப் பற்றி வேண்டாத கேள்விகள் வரலாம். 25ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு அதற்கு இடம் வைத்திருக்கிறது. இதையெல்லாம் தாங்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே இறங்குங்கள்.

அதனால் மனுவுக்கு முன் ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிப் பார்ப்பதை நான் விரும்புகிறேன். கடிதத்தின் எண்களும் தோப்பின் பத்திர எண்ணும் அதில் இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞரே சமரசத்துக்கு அழைத்து வருவார். அப்போது கேட்கத்தக்கவை: மகளின் படிப்பு முடியும்வரை கட்டணமும் செலவும், உங்களுக்கு அவருடைய மாத வருமானத்தை ஒட்டிய ஒரு மாதத் தொகை அல்லது அதற்கு ஈடான மொத்தத் தொகை, மகளின் திருமணத்துக்காகத் தோப்பில் ஒரு பகுதியை அவள் பெயருக்குத் தான செட்டில்மெண்டாக எழுதி வைப்பது. தந்தை மகளுக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகையும் உண்டு. இந்த முறை எது முடிவானாலும், இரு தரப்பும் முழுச் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்த பின்பே கையெழுத்திடுங்கள். விவரம் பொய்யென்று தெரிந்தால் ஒப்பந்தத்தைத் திறக்கலாம் என்ற ஷரத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

முதல் வேலையாக, இந்த வாரமே கோவை நீதிமன்ற வளாகத்துக்குப் போய், 2022ஆம் ஆண்டு வழக்கின் மனு, பிரமாணப் பத்திரங்கள், உடன்பாட்டு ஒப்பந்தம், தீர்ப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடுங்கள். அதே வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, வருமான வரம்பு பார்க்காமல் எந்தப் பெண்ணுக்கும் இலவசமாக வழக்கறிஞர் நியமிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். நகல்கள் கைக்கு வந்ததும், அந்தக் கடிதத்தின் படங்கள், மகளின் கல்லூரிக் கட்டண ரசீதுகள், வாடகை ரசீது, உங்கள் வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு அவர்களைப் பாருங்கள். "சேமிப்பு இல்லை" என்ற வரி அந்த மனுவின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நீங்களே தேடிப் படித்து, அடிக்கோடிட்டு எடுத்துச் செல்லுங்கள்.